வாயைத் திறக்காதே, வண்டி கிளம்பும்

“இந்த எஞ்சினை இனிமே வெளியாள் எவனும் தொடக் கூடாது. நானே பிரிப்பேன், நானே மாட்டுவேன்!” என்று இன்ஸ்பெக்டர் சபதம் செய்தபோது, அவர் மனைவி பின்னறைக் கதவைத்தான் பார்த்தாள். கணவர் ஒரு சபதம் போட்டால் வீட்டில் ஓர் அறை போகும் என்பது அவள் அனுபவம். ரேடியோ ரிப்பேர் சபதத்தில் போன மாடியறை இன்னும் திரும்பி வந்தபாடில்லை.

இன்ஸ்பெக்டர் என்றதும் லத்தியும் தொப்பியும் நினைவுக்கு வர வேண்டாம். இவர் பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்ப்பவர். பெல்ட்டில் வரிசை கட்டி ஓடிவரும் பிஸ்கட்டுகளில் மூலை உடைந்த ஒன்றை எட்ட நின்றே பிடித்துவிடுவார். அந்தக் கழுகுக் கண்ணுக்கு வீட்டில் மட்டும் நிரந்தர விடுமுறை. அவர் குளித்துவிட்டு வந்தால் பின்னாலேயே குழாய் ஓடிக்கொண்டிருக்கும். சட்டை எடுத்தால் அலமாரி வாயைப் பிளந்து நிற்கும். சர்க்கரை டப்பாவின் மூடி எறும்புக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கியிருக்கும். திறப்பது அவர் பிறப்புரிமை. மூடுவது அவள் தலையெழுத்து. படுக்கப் போகுமுன் அவள் வீட்டைச் சுற்றி ஓர் ஊர்வலம் வருவாள். அடுப்பு வால்வு, குளியலறைக் குழாய், ஜன்னல், டப்பா, வாசல் தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாக மூடி, ஏற்கெனவே மூடியிருப்பதையும் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. எல்லாம் தானாகவே மூடிக்கொள்ளும் நல்ல ஜாதி வீடு இது என்று நினைத்திருந்தாரோ என்னவோ.

அவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் ஏறத்தாழ அவர் குணம்தான்: சத்தம் அதிகம், இழுவை குறைவு. போதாக்குறைக்குப் புகை வேறு. தெருமுனை மெக்கானிக் ஒரு காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “எஞ்சினைப் பிரிச்சு வேலை பாக்கணும் சார். வீட்ல வெச்சு நீங்க கை வெச்சுடாதீங்க” என்றான். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. ‘கை வெச்சுடாதீங்க’ மட்டும் இன்ஸ்பெக்டரின் நெஞ்சில் ஆணி அடித்தது. வண்டி நேரே பின்னறைக்குள் வந்து நின்றது.

அந்த வீட்டில் வெளிச்சமான அறை அது ஒன்றுதான். பெரிய ஜன்னல், தெருப்பக்கத்துத் தூசி கிடையாது. தையல் மிஷின் போட அந்த அறையைத் தருவதாக அவர் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். மிஷினோ கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தது.

“ஏங்க, பின்னறையை எனக்குன்னு சொன்னீங்களே. ஒரு ஸ்கூலுக்கே யூனிஃபார்ம் தைக்கக் கேட்டிருக்காங்க. வெட்டறதுக்கு மேசை போடணும்.”

“ஒரு வாரம். ஒரே வாரம். எஞ்சின் முடிஞ்சதும் ரூம் உனக்கு.”

“அதுவரைக்கும் துணியை எங்க வெட்டறது?”

“கட்டில்ல வெட்டு.”

“கட்டில்ல நீங்க படுத்திருக்கீங்க.”

“என்னைச் சுத்தி வெட்டு!”

ஒரு வாரம் பெற்றுப் பெருகி மாதங்களானது. எஞ்சின் பிரிந்தது, கூடவே சமையலறையும் பிரிந்தது. பிஸ்டன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது. வால்வுகள் டீ வடிகட்டியில் குளித்தன. பால் பாத்திரத்தில் பேரிங் சூடாயிற்று. அன்றைக்குப் பாலில் ஒரு பளபளப்பு தெரிந்ததாக அவர் மனைவி இன்றுவரை சொல்கிறாள். நட்டுகள் எல்லாம் முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக அடைகாத்தன. அவர் செல்போனில் வீடியோ பார்ப்பார், நிறுத்துவார், ஒரு நட்டை முறுக்குவார், மறுபடி பார்ப்பார். வீடியோக்காரன் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைக்கு இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வியர்த்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மனுஷன் மாட்டி முடித்துவிட்டார்.

முட்டை அட்டையில் ஒரு ஸ்பிரிங்கும் ஓரிரண்டு நட்டும் மட்டும் மீந்து கிடந்தன.

“இது என்னங்க?”

“கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன். கொஞ்சம் கூடப் போட்டிருக்கான்.”

அவள் அவற்றைத் தன் பொத்தான் டப்பாவில் பத்திரப்படுத்தினாள். ஸ்பிரிங் இல்லாமல் வண்டி ஓடும் என்றால் பொத்தான் இல்லாமல் சட்டையும் நிற்கும் என்று நினைத்திருப்பாள்.

கடைசியில் காலி டேங்கைத் தூக்கி வைத்தார். டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் குழாயை, அணை திறக்கிற மந்திரி மாதிரி இரண்டு விரலால் திருப்பினார். “திறந்தாச்சு! காலைல பெட்ரோலை ஊத்தினா நேரா எஞ்சினுக்கு இறங்கும். பாரு, நாளைக்கு இந்தத் தெருவே அதிரும்” என்று அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினார். சோக்கை இழுத்தார். மூச்சை இழுத்தார். உதைத்தார்.

‘டுக்.’

மறுபடி உதைத்தார்.

‘டுக்.’

“புது எஞ்சின் இல்லையா, கூச்சப்படுது” என்றார்.

மதியம்வரை உதைத்தும் எஞ்சினுக்குக் கூச்சம் தெளியவில்லை. அவர் வலது காலுக்குத்தான் சுளுக்கு வந்தது.

“ஏங்க, அந்த டேங்குக்குக் கீழ—”

“டேங்குக்குக் கீழ எஞ்சின் இருக்கு. மாட்டினவனே நான்தான்.”

“அதில்லீங்க, பெட்ரோல்—”

“தளும்பத் தளும்ப இருக்கு! மூடியைத் திறந்து பாரு, உன் மூஞ்சி தெரியும்!”

எதிர்வீட்டு டிரில் மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கழுத்து விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. “என்ன சார், காலைலேந்து டுக் டுக்குனு சத்தம்? துணி துவைக்கிறீங்களா?”

“எஞ்சின் மாஸ்டர், எஞ்சின்! கரண்ட் வரலைன்னு நினைக்கிறேன். இந்த பிளக்கைக் கொஞ்சம் பிடிங்க.”

மாஸ்டர் பிடித்தார். இன்ஸ்பெக்டர் உதைத்தார். மாஸ்டர் வாழ்நாளில் எந்த மாணவனுக்கும் சொல்லிக்கொடுக்காத ஒரு குதி குதித்தார். விசில் தானாகவே ஊதியது.

“கரண்ட் வருது” என்றார் இன்ஸ்பெக்டர், திருப்தியாக.

“வருது சார்… முழங்கை வரைக்கும் வருது…”

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். “பாருங்க, எவ்வளவு சுத்தம்! ஒரு சொட்டு ஈரம் இல்ல. என் வேலைன்னா வேலை!”

“ஒரு சொட்டுகூட ஈரமில்லையா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “அப்படின்னா அந்தக் குழா—”

“உன்னை யாராவது கேட்டாங்களா?”

பிறகு தள்ளிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார, மாஸ்டர் “லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட்” என்று பின்னாலிருந்து தள்ளினார். தெருநாய் ஒன்று பக்கத்தில் கூடவே ஓடிவந்து, கொஞ்ச தூரத்திலேயே நம்பிக்கை இழந்து திரும்பிவிட்டது. தெருமுனை மெக்கானிக் தன் கடை வாசலில் நின்று மரியாதையாக வேறு திசையைப் பார்த்தான். அதுதான் இன்ஸ்பெக்டருக்குத் தாளவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

வீடு வந்து சேர்ந்ததும் மனைவி தண்ணீர் கொடுத்தாள். கொடுத்த கையோடு, “நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேங்க. கோவப்படாதீங்க. ராத்திரி நான்—”

வெடித்தார் இன்ஸ்பெக்டர். எஞ்சின் வெடிக்காத குறையை அவர் தீர்த்துவைத்தார்.

“நீ நடுவுல நடுவுல பேசறதாலதான் எனக்குக் கவனம் சிதறுது! டைமிங் பாக்கற வேலை இது. தையல் ஊசியில நூல் கோக்கறதுன்னு நினைச்சியா?”

“அந்த ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸுக்குத் திங்கக்கிழமை நான் பதில் சொல்லியாகணுங்க. ரூம் இல்லேன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும். இதுக்காக எவ்வளவு நாளா அலைஞ்சேன் தெரியுமா?”

“ரூம்தானே வேணும்? இந்தா கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள நானே இதைக் கிளப்பறேன். கிளம்பலேன்னா ரூம் உனக்கு. கிளம்பிடுச்சுன்னா ஆயுசுக்கும் ரூம் எனக்கு. தையல் மிஷின் கட்டிலோரமே கிடக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன்.”

“சொல்லுங்க.”

“அதுவரைக்கும் வண்டியைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் நீ தோத்த. உன் வீட்டு வேலையை நீ வழக்கம்போல பாரு. என் வேலையை நான் பாக்கறேன்.”

“வழக்கம்போலன்னா?”

“வழக்கம்போலன்னா வழக்கம்போலதான்! தினம் என்னென்ன செய்யறியோ அதை அப்படியே செய். ஒண்ணு கூடக் கூடாது, ஒண்ணு குறையக் கூடாது.”

அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். “மாஸ்டர், காதுல வாங்கிக்கிட்டீங்கல்ல? நீங்கதான் சாட்சி.”

மாஸ்டர் விசில் ஊதினார். ஒப்பந்தம் அமலுக்கு வந்தது.

அவள் கான்வென்டில் படித்தவள். அங்கே கன்னியாஸ்திரிகள் எதைச் சொல்லிக்கொடுத்தார்களோ இல்லையோ, உதட்டில் விரல் வைத்து உட்காரச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆள்காட்டி விரலை நேராக உதட்டில் நிறுத்தினாள். நிறுத்தியது நிறுத்தியதுதான்.

பேசும் மனைவியைச் சமாளிக்க இன்ஸ்பெக்டருக்கு வருஷக்கணக்கில் பழக்கம் உண்டு. பேசாத மனைவி புது மாடல். அதற்கு வீடியோ எதுவும் கிடைக்கவில்லை. காபி கொண்டுவந்து வைப்பாள். டேங்கை ஒரு பார்வை பார்ப்பாள். அவரை ஒரு பார்வை பார்ப்பாள். விரலை உதட்டில் வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

“என்ன பாக்கறே?”

விரல்.

“ஏதாவது சொல்லணுமா?”

விரல்.

“சொல்லாதே! எனக்கே தெரியும்!”

என்ன தெரியும் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

வேலைவிட்டு வந்ததும் தினமும் ஒரு போர். முதலில் கார்புரேட்டர்மேல் சந்தேகம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது அதுதான். டேங்கிலிருந்து வரும் ரப்பர் டியூபைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி, அவள் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி மாட்டினார். “கைத் திறமையைப் பாருங்க மாஸ்டர்! டியூபைப் பிடுங்கியும் தரையில ஒரு சொட்டு பெட்ரோல் சிந்தல. மெக்கானிக்கா இருந்தா குளமே கட்டியிருப்பான்.” வாசற்படியில் நின்ற மனைவிக்கு அப்போது பலத்த இருமல் வந்தது. உதட்டில் இருந்த விரலோடு இன்னொரு கையும் சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டது.

பிறகு சோக்மேல் சந்தேகம். பிறகு சைலன்ஸருக்குள் பல்லி புகுந்திருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லி இல்லை, இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் எல்லாப் பழியும், வால்வுகள் திறந்து மூடும் நேரக் கணக்கான டைமிங் தலையில் விழுந்தது. எஞ்சின் மண்டையை மறுபடி பிரித்தார், பார்த்தார், வைத்த இடத்திலேயே வைத்து மாட்டினார். இந்தத் தடவை ஒரு நட்டு கூடுதலாக மீந்தது. வாயைத் திறக்காமல் அவள் பொத்தான் டப்பாவைத் திறந்தாள்.

களைத்துப் போய்ப் படுக்கையில் விழுந்தால், அவள் ஊர்வலம் கிளம்பும் சத்தம் கேட்கும். சமையலறையில் ஒரு ‘டிக்’. குளியலறையில் ஒரு ‘கிரீச்’. பின்னறையில் ஒரு ‘டிக்’. வாசலில் ‘டொக்’. பழகிய தாலாட்டு, அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் போவார். கனவில் பிஸ்கட் பெல்ட்டில் பிஸ்டன்கள் வரிசையாக ஓடிவரும். எல்லாவற்றுக்கும் மூலை உடைந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெருவே வேலிக்கு வெளியே கூடியது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இன்ஸ்பெக்டர் உதைத்தார். இடது காலால் உதைத்தார். ஓடிவந்து உதைத்தார். கெஞ்சிக்கொண்டே உதைத்தார். “ராஜா… என் செல்லம்… ஒரே ஒரு தடவை…” கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படியொரு குரலை அவர் மனைவி கேட்டதில்லை. விரல் கொஞ்சம் நழுவியது; சமாளித்து மறுபடி நிறுத்திக்கொண்டாள். பின்னே? எதிரே இருப்பது அவள் அறை. நாளைக்குச் சொல்ல வேண்டியது அவள் பதில். ஒரு வார்த்தை தப்பினால் இரண்டும் போச்சு.

‘டுக்.’

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் இறங்கினான். மாஸ்டர் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. நீளமாக ஒரு விசில் ஊதினார்.

இன்ஸ்பெக்டர் படியில் சரிந்தார். வலது கால் தன் போக்கில் இன்னும் ஒருமுறை உதைத்துவிட்டு அடங்கியது.

அவள் உதட்டிலிருந்து விரலை எடுத்தாள்.

“மாஸ்டர், இப்பப் பேசலாமா?”

“தாராளமாப் பேசலாம்மா.”

“ரூம்?”

“உனக்குத்தான்மா.”

“அவர் வாயால சொல்லட்டும்.”

“எடுத்துக்கோ!” என்றார் இன்ஸ்பெக்டர். “ரூமை எடுத்துக்கோ. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடு. இது ஜென்மத்துக்கும் கிளம்பாது. டைமிங் தப்பின எஞ்சின்!”

“டைமிங்கெல்லாம் சரியாத்தான் இருக்கும். எழுந்திரிங்க.”

அவள் குனிந்தாள். டேங்குக்கு அடியில் கையை விட்டு, எதையோ திருப்பினாள்.

‘டிக்.’

எங்கோ கேட்ட சத்தமாக இருந்தது அவருக்கு.

“கொஞ்சம் பொறுங்க, பெட்ரோல் இறங்கட்டும்” என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, செருப்பைச் சரிசெய்துகொண்டு ஓர் உதை உதைத்தாள். எஞ்சின் கனைத்தது. இரண்டாவது உதையில் தெரு அதிர்ந்தது. நாய் குரைத்தது. தெருமுனை மெக்கானிக் கடையை விட்டு வெளியே வந்து, இந்தத் தடவை நேராகவே பார்த்தான்.

“நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க” என்றாள் அவள், சத்தத்துக்கு மேலே கத்தி. “முதல் நாளே கிளம்பியிருக்கும்.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“அந்தக் குழாயை… நான் அன்னைக்கே திறந்து வெச்சேனே!”

“நீங்க திறந்தீங்க. நான் மூடினேன். இந்த வீட்ல நீங்க திறக்காத குழாய் எது, நான் மூடாத குழாய் எது? அன்னைக்கு ராத்திரி திறந்து கிடந்துச்சு, மூடினேன். அப்புறம் பெட்ரோல் வேற நாறுச்சு. பாத்துக்கிட்டுச் சும்மா படுக்க முடியுமா?”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எங்கப்பா ஸ்கூட்டர்ல குழாயைத் திறந்து மூடறது என் வேலை. முதல் நாளே சொல்ல வந்தேன். மூணு தடவை வந்தேன். நாலாவது தடவை கண்டிஷன் போட்டீங்க.”

“மோசடி! மாஸ்டர், இது மோசடி! பந்தயத்துக்கு அப்புறமும் தினம் மூடியிருக்கா! இந்தப் பந்தயம் செல்லாது!”

மாஸ்டர் நடுவர் தோரணையில் மார்பை நிமிர்த்தினார். “சார், தங்கச்சி வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாங்களா?”

“பேசல, ஆனா—”

“தினம் செய்யறதை அப்படியே செய், ஒண்ணு கூடக் கூடாது, குறையக் கூடாதுன்னு சொன்னது யாரு?”

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். அவர் திறந்த எத்தனையோ பொருள்களில், தானே மூடிக்கொண்டது அந்த ஒன்றுதான்.

அன்று ராத்திரியே வண்டிக்கு வாசல்தான் இடம் என்றாயிற்று. தையல் மிஷின் பின்னறை ஜன்னலோரம் வந்து மூச்சு விட்டது. சாப்பாட்டு மேசையிலிருந்த பிஸ்டன் கறையைத் தேய்த்துவிட்டு, அந்த மேசையையே துணி வெட்டத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். “நாம எங்க சாப்பிடறது?” என்று கேட்டார். “கட்டில்ல” என்றாள். “நான் படுத்திருந்தா?” என்று அவர் கேட்கவில்லை, பதில் அவருடையதுதானே.

திங்கட்கிழமை காலை. குளித்துச் சட்டை மாட்டி வாசலுக்கு வந்தார் இன்ஸ்பெக்டர். அறை போனால் போகட்டும், வண்டி இருக்கிறதே! ஒரே உதையில் கிளம்பிற்று. தெருவே பார்க்க, கேட்டைத் திறந்தது திறந்தபடியே விட்டுவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு பறந்தார். மாஸ்டர் சல்யூட் அடித்தார். தெருமுனையில், மெக்கானிக் கடைக்கு நேர் எதிரே, கார்புரேட்டரில் நேற்று மிஞ்சியதைக் குடித்து முடித்த எஞ்சின் இரண்டு விக்கல் விக்கி நின்றது.

உதைத்தார்.

‘டுக்.’

திரும்பிப் பார்த்தார். தெருவின் அந்தக் கோடியில், அவர் திறந்துபோட்ட கேட்டை மூட வந்த மனைவி நின்றிருந்தாள். ராத்திரியும் ஊர்வலம் வழக்கம்போலத்தான் நடந்திருந்தது. அவரைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தாள். கேட்டை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் வண்டியை ஓரம்கட்டினார். எஞ்சினையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, எதிரே கையைக் கட்டி நின்ற மெக்கானிக்கிடம் சொன்னார்:

“சந்தேகமே வேணாம். டைமிங்தான்.”